அளந்த பெட்டியும் அளக்காத பெட்டியும்

போன வாரம் உங்க பயிற்சி வகுப்புக்குப் பேச வந்தப்ப ஒரு பொண்ணு எந்திரிச்சுக் கேட்டுச்சு. "சார், எடை கூடுனா மெஷினே காட்டிருது. பெட்டியோட நீளம் அகலம் கூடுனா நாம எம்புட்டுக் கறாரா இருக்கணும்?"

நான் என்னத்தையோ சொல்லி மழுப்பிட்டு டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன். நீங்களும் கை தட்டுனீக. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு. ஏர்போர்ட் கவுண்டர்ல நின்னே தலை நரைச்சவன், புதுசா வந்த பிள்ளைக கேட்ட கேள்விக்கு உண்மையச் சொல்லாம வந்தா அது என்ன அனுபவம்? அதான் உக்காந்து எழுதுறேன். எழுத்துல தப்பு இருந்தாப் பொறுத்துக்கோங்க. விஷயத்துல தப்பு இல்ல.

சட்டம் என்னமோ சின்னதுதான். நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டுனா நூத்தி அம்பத்தெட்டு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். மீறுனா தனிக் கட்டணம், இல்லாட்டி ஏத்த முடியாதுன்னு சொல்லலாம். சின்ன விமானம்னா ஏத்த முடியாதுங்கிறதுதான் முதல் பதில். இது சும்மா எழுதி வச்ச சட்டம் இல்லப்பா. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பாவம் பார்த்து ஒருத்தரோட தையல் மெஷின் பெட்டியை அனுப்பிட்டேன். அது சாமான் அறை வாசல்ல பாதி உள்ள, பாதி வெளியன்னு சிக்கிக்கிச்சு. லோடு ஏத்துறவுக நாலு பேரு மல்லுக்கட்டி வெளிய எடுத்தாக. உள்ள அறுபது பேரு வெயில்ல வெந்தாக. பைலட் இறங்கி வந்து என்னை ஏசுன ஏச்சு இன்னும் காதுல இருக்கு. அதனால அளவுச் சட்டத்தைப் பத்தி எனக்குப் புகார் ஒண்ணும் கிடையாது.

புகார் நம்ம மேலதான். எடையை மெஷின் பார்க்குது, அதுக்கு ஆள் தெரியாது. அளவை நாம பார்க்கணும். அளக்குற நாடாவை இழுப்பறையில இருந்து எடுக்கணும்னு நாம நினைச்சாத்தான் அது வெளிய வரும். முக்கால்வாசி நாள் அது வெளிய வாறதே இல்ல. கண்ணை உறுத்துற பெட்டியைத்தான் அளக்குறோம். யார் பெட்டி கண்ணை உறுத்தும்? சக்கரம் வச்சுப் பளபளன்னு உருண்டு வார சூட்கேஸ் உறுத்தாது. கயிறு கட்டுன அட்டைப் பெட்டிதான் உறுத்தும். ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சும்மாவா சொன்னாக? ஏழை பெட்டி விமானமும் ஏறாது.

நடந்ததைச் சொல்றேன்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சின்னச் சின்ன விமானக் கம்பெனிக நிறைய வந்துச்சு பாருங்க, அந்தக் காலம். நான் அதுல ஒண்ணுல மதுரை கவுண்டருக்கு மேற்பார்வை. கம்பெனி பேரு வேண்டாம், இப்ப அது இருக்குற இடமும் தெரியல. ஐப்பசி மாசம். சென்னையில பேய் மழை. தண்டவாளத்துல தண்ணி நின்னு ரயில் ஒண்ணு பாக்கியில்லாம ரத்து. ரயில்ல போற சனம் அம்புட்டும் ஏர்போர்ட்டுக்கு வந்துருச்சு. காலை பதினோரு மணி விமானத்துல ஒரு சீட்டுக் கூடக் காலி இல்ல. ஃபோன் ஒருபக்கம், வரிசை ஒருபக்கம்.

அந்த வரிசையில எங்க ஊரு பெரிய சம்சாரி, தோட்டம் துரவு உள்ளவரு, வந்தாரு. எங்க ஊரு சிவகாசிப் பக்கம் ஆமத்தூர். அவுக தோட்டத்துலதான் எங்கப்பா கடைசி வரைக்கும் தண்ணி பாய்ச்சுனாரு. சம்சாரி அமெரிக்காவுல இருக்குற மகன் வீட்டுக்குப் போறாரு, சென்னையில விமானம் மாறணும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே, நீயா? இங்கனதான் இருக்கியா? நல்லா இருப்பா, நல்லா இரு. உங்கப்பன் இருந்து பார்க்கலையே!"

"வாங்கய்யா. சௌக்கியமா இருக்கீகளா?"

அவர்கூட ரெண்டு சூட்கேஸ். அடேயப்பா, ஆள் ஒருத்தரை மடக்கி உள்ள படுக்க வைக்கலாம். "மருமக வத்தல், வடகம், இடிச்ச பொடின்னு ஒரு பட்டியலே அனுப்பிட்டாப்பா" என்கிறாரு. எடை சரியா இருந்துச்சு. அளவு கூடுதல்னு பார்த்த பார்வையிலயே தெரிஞ்சுச்சு. இந்த வேலையில பத்து வருசம் நின்னவனுக்கு நாடா தேவையில்ல. ஆனா என் கை அதுபாட்டுக்கு டேக்கை எடுத்துக் கட்டிருச்சு. அவர் காசும் கொடுக்கல, சிபாரிசும் பண்ணல. கேக்கவே இல்ல. பழைய பழக்கம், உடம்பு தானாக் குனிஞ்சுக்கிச்சு. பக்கத்துக் கவுண்டர்ல இருந்த பொண்ணு சூட்கேஸையும் பார்த்துச்சு, என்னையும் பார்த்துச்சு. நான் அந்தப் பக்கமே திரும்பல.

பெட்டி உள்ள போன கொஞ்ச நேரத்துல லோடு ஏத்துறவர்கிட்ட இருந்து ஃபோன். "சார், ரெண்டு பெரிய சூட்கேஸ் வந்து இடத்தை அடைச்சிருச்சு. இனிமே நீளமா எதுவும் அனுப்பாதீக. வைக்க இடமில்ல."

சரின்னு ஃபோனை வைக்கேன், எதுக்க ஒரு அம்மா நிக்குது. நாப்பது வயசு இருக்கும். நூல் சேலை, கையில ஒரு மஞ்சப்பை. விமானம் ஏறுறது இதுதான் முதல் தடவைன்னு நிக்கிற நிலையிலயே தெரியும். டிக்கெட்டை ரெண்டு கையாலயும் நீட்டுச்சு. கீழ ஒரு அட்டைப் பெட்டி, அஞ்சடி நீளம். ரெண்டு மூணு பெட்டியைப் பிரிச்சு, உள்பக்கத்தை வெளிய திருப்பி, ஒண்ணா இணைச்சு ஒட்டியிருந்துச்சு. ஓரம் எல்லாம் அம்புட்டு நேர்த்தி. பட்டாசு பேக்கிங்ல கை பழகுன ஆள் ஒட்டுனதுன்னு எனக்குத் தெரியாமலா போகும்? சிவகாசிப் பக்கம் வீடு மாத்துறதுன்னாலும் சரி, சீர் கொண்டு போறதுன்னாலும் சரி, கம்பெனி அட்டைப் பெட்டிதான். வெடிப்படம் தெரியக் கூடாதுன்னுதான் திருப்பி ஒட்டியிருக்காக.

தராசுல வச்சேன். ஒம்பது கிலோ. ஒண்ணுமே இல்ல.

இழுப்பறையைத் திறந்தேன். நாடாவை எடுத்தேன். தையக்காரர் வச்சிருக்கிற நாடாதான். நீளம் வச்சேன், அகலம் வச்சேன், உயரம் வச்சேன். சத்தமா வேற கூட்டுனேன், வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கேக்குற மாதிரி. இருநூறைத் தாண்டிருச்சு.

"இது போகாதும்மா. அளவு கூடுதல்."

"சார், கனமில்ல சார். நீங்களே பார்த்தீகள்ல."

"கனம் வேற, அளவு வேற. மடக்கிச் சின்னதாக் கட்டிட்டு வாங்க."

"மடக்கக் கூடாதுங்க சார்."

"அப்படி உள்ள என்னதான் இருக்கு?"

அந்தம்மா அக்கம்பக்கம் பார்த்துச்சு. "எலைங்க. வாழை எலை."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதைச் சொல்றதுக்கு இப்பவும் நாக்கு கூசுது. "எலையா? ஏம்மா, விருந்தா? சென்னையில எலைக்கா பஞ்சம்?"

வரிசையில ரெண்டு பேரு சேர்ந்து சிரிச்சாக. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "இதைக் கொண்டு போயே ஆகணும் சார்"னு மட்டும் மெதுவாச் சொல்லுச்சு. நேரம் ஓடுது, பின்னால ஆளுக முணுமுணுக்காக. நான் ஒரு முடிவு சொன்னேன். "நீங்க இதுல போங்க. பெட்டி சாயங்கால விமானத்துல வரும். பொறுப்பு என்னோடது. ஒரு ஃபோன் நம்பர் குடுங்க."

அந்தம்மாவுக்கு ஃபோன் கிடையாது. மஞ்சப்பையில இருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கொடுத்துச்சு. வேலை பார்க்குற கம்பெனி கணக்கப்பிள்ளை நம்பராம், அவரு இப்ப சென்னையிலதான் இருக்காராம். போகும்போது பெட்டியை ஒரு தடவை தடவிக் கொடுத்துட்டுப் போச்சு. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சாயங்கால விமானம் வரல. மழையில சென்னையை விட்டுக் கிளம்பவே இல்ல.

பெட்டி என் கவுண்டருக்குப் பின்னாடிச் செவுத்தோரமாக் கெடந்துச்சு. லோடு ஏத்துறவர் வந்து, "சார், இதுல இருந்து தண்ணி கசியுது, என்னன்னு பாருங்க"ன்னாரு. பாதுகாப்பு ஆளைக் கூட வச்சுக்கிட்டு ஒட்டைப் பிரிச்சேன். உள்பக்கம் பூராவும் புஸ்வாணம், சங்குசக்கரம்னு கலர் கலராப் படம். நடுவுல ஈர வேட்டியில சுத்தி, விரியாத குருத்து இலை. சுருட்டுனது சுருட்டுனபடி, கம்பு மாதிரி. ஒரு இருவது இருக்கும். வெட்டுன இடத்துல மஞ்சள் பூசியிருந்துச்சு.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அப்படியே பெட்டி பக்கத்துல உக்காந்துட்டேன்.

விருந்துக்கு எவனாவது விரியாத குருத்தை வெட்டுவானா? எங்க பக்கத்துல அதை எதுக்கு வெட்டுவாகன்னு பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தீப்புண்ணுக்கு. துணி வச்சா வெந்த தோல்ல ஒட்டிக்கிரும். பிரிக்கும்போது மனுசன் கத்துற கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். குருத்து இலை ஒட்டாது. குளுகுளுன்னு இருக்கும். விரியாத குருத்துன்னா உள்பக்கம் தூசி படாது, கை படாது. மடக்குனாக் கிழிஞ்சிரும். அதுக்குத்தான் அஞ்சடிப் பெட்டி.

இது தெரியாத ஆளு சிரிச்சிருந்தா மன்னிச்சிரலாம். நான் ஆமத்தூர்க்காரன். எங்க தாய்மாமன் தீப்பெட்டி ஆபீஸ்ல தீப்புடிச்சு வெந்து போய்க் கெடந்தப்ப, தினம் காலையில ஓடிப்போய்க் குருத்து வெட்டிட்டு வந்தவனே நான்தான். எங்க போய் வெட்டுனேன்? அதே சம்சாரி தோட்டத்துல. ஒரு நாளும் அவரு ஏன்னு கேக்கல. "குலை தள்ளாத மரமாப் பார்த்து வெட்டுலே"ன்னு மட்டும்தான் சொல்லுவாரு. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர்கிட்டச் சொல்லியிருந்தா, அவரே வத்தல் வடகத்தை இறக்கச் சொல்லியிருப்பாரு. அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. டை கட்டி, இங்கிலீஷ் பேசி, ஊரை மறக்கணும் மறக்கணும்னு பழகிப் பழகி, மறந்தே போயிட்டேன் பாருங்க, அந்த மண்டை மேலதான் கோபம்.

துண்டுத் தாள்ல இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டேன். கணக்கப்பிள்ளைதான் எடுத்தாரு. அவர்கிட்டக் கேட்டுத்தான் மிச்சமும் தெரிஞ்சுச்சு. அந்தம்மாவுக்கு ஊரு தாயில்பட்டி. புருசன் பட்டாசு வேலையில முதுகு பூரா வெந்துட்டாரு. மதுரையில முடியாதுன்னு சென்னைக்கு அனுப்பிட்டாக. அங்க மழையில மார்க்கெட்டுக்கு இலை லோடு வரல, வந்த கொஞ்சமும் கிழிசல். நர்ஸம்மா, "உங்க ஊர்ல இருந்து நல்ல குருத்தாக் கிடைக்குமா?"ன்னு கேட்டுருக்காக. ரயில் நிக்கிறதுக்கு முந்தின நாள் அந்தம்மா ஊருக்கு வந்து, பிள்ளைகளைப் பார்த்துட்டு, வத்திராயிருப்புப் பக்கம் போய் விடிய விடியக் குருத்து வெட்டியிருக்கு. திரும்பிப் போக ரயில் இல்லைன்னு கம்பெனியில விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துருக்காக.

"ஏன்யா, இதை அந்தம்மா என்கிட்டச் சொல்லலாம்ல?"ன்னு கத்திட்டேன்.

"நான்தான் சார் சொல்லக் கூடாதுன்னேன். ஏர்போர்ட்ல வெடி, தீ, பட்டாசு ஆலைன்னு எந்த வார்த்தையும் வாயில வரக் கூடாது, புடிச்சு உள்ள வச்சிருவான்னு டிக்கெட் கொடுத்தவுக மூலமாச் சொல்லி அனுப்புனேன். அது பயந்த பிள்ளை சார்."

அந்தக் கணக்கப்பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியுமா? பட்டாசு ஊரு ஆளுக ஏர்போர்ட்டுக்கு வந்தா அப்படித்தான் பயப்படுவாக. நம்ம முகரையைப் பார்த்தா அப்படித்தான் தோணும்.

"எப்படி இருக்காரு?"ன்னு கேட்டேன்.

"துணி வச்சுத்தான் கட்டியிருக்காக சார். இப்பத்தான் ஒரு தடவை மாத்துனாக. காது கொடுத்துக் கேக்க முடியல."

மறுநா காலையில முதல் விமானம் வந்துச்சு. வேட்டியை நானே நனைச்சுப் பிழிஞ்சு திரும்பச் சுத்தி, பெட்டியை நானே தூக்கிட்டுப் போய், லோடு ஏத்துறவர்கிட்ட, "வேற எதை இறக்குனாலும் இதை இறக்காதீக"ன்னேன். அது பாட்டுக்கு ஒரு ஓரமாப் போயிருச்சு. அம்புட்டுத்தான். சட்டம் பேசாம இடம் பார்த்தா இடம் கிடைச்சிருச்சு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மத்தியானம் சென்னையில இருந்து நம்ம ஆபீஸ் ஆள் கூப்பிட்டான். "சார், பெட்டி வந்துருச்சு. வாங்க யாரும் வரல." நான் கணக்கப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு, "எலை வந்துருச்சு, ஓடிப் போய் வாங்கிக்கோங்க"ன்னேன்.



"இனிமே எலை வேண்டாம் சார்."

ஃபோனை வச்சிட்டேன்.

இலை போயிருந்தா அவரு பொழைச்சிருப்பாருன்னு நான் சொல்லல. பிறகு ரெண்டு டாக்டர்ககிட்டக் கேட்டுட்டேன், அம்புட்டு வெந்த உடம்பு தாங்காதுன்னுதான் சொன்னாக. ஆனா ஒரு ராத்திரி, ஒரு பகல் இருந்துச்சே! அதை அந்த மனுசன் குளிர்ந்த இலையில படுத்துக் கழிச்சிருக்கலாம். அதை நான் எடுத்துக்கிட்டேன். இதுக்கு எந்த மேலதிகாரியும் எனக்கு மெமோ கொடுக்கல. கொடுக்க முடியாது, காகிதத்துல நான் செஞ்சது சரி.

அதனால அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதிலை இங்கனயே சொல்லிருதேன். அளந்தா முன்னால நிக்கிறவனையும் அள, பின்னால நிக்கிறவனையும் அள. தெரிஞ்சவனை முதல்ல அள. முடியாதுன்னா நாடாவைத் தொடாத. பெட்டியைத் திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி, "ஏன் மடக்கக் கூடாது?"ன்னு ஒரு கேள்வி கேளு. ரெண்டு நிமிசம் ஆகும். வரிசை முணுமுணுக்கத்தான் செய்யும், முணுமுணுக்கட்டும்.

ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பெட்டி வாங்க ஆளில்லைன்னு மதுரைக்கே திரும்பி வந்துச்சு. இலை பூரா கறுத்து அழுகிப் போச்சு. வேட்டி மட்டும்தான் மிச்சம். அதைத் துவைச்சுக் காயப்போட்டு மடிச்சு எடுத்துக்கிட்டு, பஸ் ஏறித் தாயில்பட்டிக்குப் போனேன். எல்லாத்தையும் சொல்லிரணும், கால்ல விழுந்தாலும் சரின்னு மனசுல நினைச்சுக்கிட்டுத்தான் போனேன்.

ஒத்தை அறை வீடு. ரெண்டு பொம்பளைப் பிள்ளைக, பள்ளிக்கூட உடுப்புல. அந்தம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிருச்சு. "வாங்க சார், உக்காருங்க"ன்னு பாயை விரிச்சுச்சு. வேட்டியை நீட்டுனேன். வாங்கி மூஞ்சியில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. பிறகு மூத்த பிள்ளையை விட்டுக் காப்பி போடச் சொல்லுச்சு.

நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அதுதான் பேசுச்சு.

"நீங்க மனசு கஷ்டப்படாதீக சார். இதுக்காக இம்புட்டுத் தூரம் வந்துருக்கீக. அளவு கூடுதல்னா கூடுதல்தான, நீங்க என்ன செய்வீக? எங்க பேக்கிங்லயும் அப்படித்தான், பெட்டி ஒரு விரக்கடை கூடுனாலும் திருப்பி அனுப்பிருவாக. சட்டம்னா பெரிய ஆளுக்கும் சின்ன ஆளுக்கும் ஒண்ணுதான சார்."

நான் தரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"அன்னைக்கு ராத்திரி பூரா, 'எலை வந்துருச்சா, எலை வந்துருச்சா'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. 'பெட்டி அளவு கூடிப்போச்சாம், நாளைக்கு வந்துரும்'னேன். 'சரி விடு, எல்லாத்துக்கும் உள்ள சட்டம்தான, நமக்குன்னு மாத்துவாகளா'ன்னு சொன்னாரு. பிறகு கேக்கவே இல்ல."

பிள்ளை காப்பி கொண்டு வந்து வச்சுச்சு. சம்சாரியோட சூட்கேஸ் என் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. அந்த மனுசன் கடைசியா நம்பிட்டுப் போனது அந்த ஒண்ணைத்தான், அதையும் எப்படிப் பிடுங்குறது? இல்ல, அது சாக்கு. எனக்குத் தைரியம் இல்ல.

"ஆமாம்மா"ன்னேன். "எல்லாத்துக்கும் ஒண்ணுதான்"னேன். காப்பியைக் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.